கொடுக்கு போன நண்டு

தூண்டில் கயிற்றை இழுக்கும்போதே தருபாலாவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. முழத்துக்கு ஒரு விலாங்குத் துண்டு கட்டிய நீளக் கயிறு அது. போட்டுவிட்டு ஒரு வெற்றிலை மென்று முடித்து இழுத்தால், இரையை விடமாட்டேன் என்று ஆளுக்கொரு துண்டைக் கவ்விக்கொண்டு நண்டுகள் மேலே வரும். அன்றைக்கு வெறும் விலாங்குதான் வந்தது. ஒன்றில்கூடக் கடித்த தடம் இல்லை.

இந்த ஓடையில் எச்சில் துப்பினாலே எதுவோ ஒன்று மேலே வந்து வாயைத் திறக்கும். கரைச் சேற்றில் மீன் தலையை வீசினால், படகைக் கட்டித் திரும்புவதற்குள் சிவப்பு நண்டுகள் மொய்த்து முள்ளை மட்டும் மிச்சம் வைத்திருக்கும். அப்பேர்ப்பட்ட பசி பிடித்த ஓடை. அதற்குப் பசி இல்லையென்றால் என்ன அர்த்தம்?

துடுப்பைப் போட்டு உள்ளே போனாள். முதல் வளைவில் கெளுத்திகள் வயிற்றைக் காட்டி மிதந்தன. அடுத்த வளைவில் பட்டப்பகலில் நண்டுகள் தண்ணீரை விட்டு ஏறி, சேற்றிலிருந்து நீட்டி நிற்கும் மூச்சு வேர்களைப் பிடித்துத் தொங்கின. தொட்டதும் பொத்தென்று விழுந்தன. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத இறால் குஞ்சுகள் ஓரத்தில் வெள்ளை நுரையாக ஒதுங்கியிருந்தன. வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தின் நாற்றம் தொண்டையைப் பிடித்தது.

போன வருஷம் பக்கத்து ஓடையில் இதேபோல் மருந்து ஊற்றி மீன் பிடித்த ஒருத்தன் மாட்டினான். நண்டுக்காரர்கள் போலீசுக்கும் போகவில்லை, பஞ்சாயத்துக்கும் போகவில்லை. நீர் வற்றியிருந்த நேரத்தில் அவனை மூச்சு வேரோடு சேர்த்துக் கட்டிவிட்டு, படகில் உட்கார்ந்து பீடி பிடித்தார்கள். கடல் ஏற்றம் வந்து மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது. அவன் மணிக்கட்டில், நண்டின் கொடுக்குகளைச் சேர்த்துக் கட்டுவதுபோல, நண்டுக் கட்டுப் போட்டவள் தருபாலாதான். அதற்காக அவள் ஒரு வேளைச் சோற்றைக்கூட ஒதுக்கியதில்லை.

மூன்றாவது வளைவில், குறுக்கே வலை கட்டி, படகு நிறைய மீனை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவன் நிதாய். அவள் தம்பி. தாய் செத்த பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை.

"என்னக்கா, இந்தப் பக்கம்?" என்றான், ஏதோ சந்தையில் பார்த்ததுபோல.

"நீயாடா?"

"நான் இல்லேன்னா வேற எவனாவது ஊத்துவான். மீன் ஏலக்காரன் மருந்தும் குடுத்தான், ஐஸும் குடுத்தான். தண்ணி வடிஞ்சா மருந்தெல்லாம் கடலுக்குப் போயிடும். சும்மா மூஞ்சியைத் தூக்காத."

"குஞ்செல்லாம் செத்துக் கெடக்குடா. நாளைக்கு இங்க எதைப் புடிப்ப?"

"நாளைக்கு நான் எதுக்கு இங்க வரப்போறேன்? அடுத்த ஓடை இருக்கு. நீயே இந்தச் சேத்தைக் கட்டிக்கிட்டு அழு."

அவள் அவன் படகில் தாவினாள். காலுக்கடியில் மீன்கள் நசுங்கின. மருந்துப் புட்டியைப் பிடுங்கப் போனவளின் வாயில் அவன் துடுப்புக் கட்டையால் ஒன்று வைத்தான். பல் உடைந்து நாக்கில் உருண்டது. அதைத் துப்பிவிட்டு, நண்டு அள்ளும் வலையின் மூங்கில் காம்பால் அவன் முழங்காலில் அடித்தாள். விழுந்தவன் எழுவதற்குள் மூக்கில் இன்னொன்று, காதோரம் இன்னொன்று. கை ஓயும்வரை அடித்தாள். வளர்த்த கைதான், ஆனால் அப்போது அதற்கு யாரையும் தெரியவில்லை. அவன் மயங்கிக் கிடக்கையில் மார்பில் முட்டி போட்டு, பழக்கத்தில், இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து நண்டுக் கட்டுப் போட்டாள்.

கட்டி முடித்த பிறகுதான் யாரைக் கட்டியிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. ஓடை முகத்திலிருந்து கூவும் சத்தம் கேட்டது. ஏற்றம் தொடங்கிவிட்டது. நண்டுக்காரர்களின் தலைவர் ரஜப் காஜியின் படகுகள் உள்ளே வருகின்றன.

கண் விழித்த நிதாய்க்கும் கேட்டது. முகம் வெளுத்துவிட்டது. மேலே போனால் ஓடை முட்டுச்சந்து. கரையேறினால் காடு, காட்டில் இருக்கும் வரிப்பட்டைக்காரரின் பெயரை யாரும் சொல்வதில்லை.

"அக்கா, அவுத்து விடு. என்னையும் வேர்ல கட்டிருவாங்க. உன் கால்ல விழறேன்க்கா."

இரை நறுக்கும் வெட்டரிவாளை அவள் எடுத்தாள். கயிற்றை அறுக்கத்தான் என்று நினைத்து அவன் நன்றியோடு இரண்டு கையையும் நீட்டினான். அந்த நீட்டலைப் பார்த்து அவளுக்கு அழுகை முட்டியது. வலது கையைப் பிடித்துப் படகு விளிம்பில் அழுத்தி, அரிவாளை ஓங்கி ஒரே போடாகப் போட்டாள். இரண்டு விரல்கள் பலகையில் விழுந்தன. அவன் அலறலில் மரத்திலிருந்த கொக்குகள் கிளம்பின. அவள் கட்டை அறுத்தெறிந்து, முந்தானையைக் கிழித்து அந்தக் கையைச் சுற்றினாள். சுற்றச் சுற்றச் சிவந்தது.

படகுகள் வளைவைத் தாண்டின. முன்னால் ரஜப் காஜி, தாடி வெளுத்த மனிதர், இந்தப் படகுகளுக்கெல்லாம் அவர் சொல்தான் சட்டம். அவர் வலையைப் பார்த்தார், மீன் குவியலைப் பார்த்தார், பிறகு நிதாயைப் பார்த்தார். பின்னாலிருந்த ஹாருன் ஏற்கெனவே கயிறு எடுத்துவிட்டான்.

"நகரு, தரு," என்றார் காஜி. "போன தடவை நீயே கட்டின. இந்தத் தடவை நீ கட்ட வேணாம்."

"கொடுக்கு போன நண்டை நாம கட்டறதில்ல, சாச்சா."

காஜி அப்போதுதான் பலகையில் கிடந்த விரல்களைக் கவனித்தார். கொடுக்கு உடைந்த நண்டு சந்தையில் போகாது; அதைக் கட்டாமல் தண்ணியில் விட்டுவிட வேண்டும். அதை மீறிக் கூடையில் போட்டவனை அவரே படகிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறார்.

"அது நண்டு. திரும்ப மொளைக்கும்னு விடறோம்," என்றான் ஹாருன். "இவனுக்கு என்ன மொளைக்கப் போவுது? இன்னொரு புட்டிதான் மொளைக்கும்."

"மொளைச்சா நானே கட்டறேன்," என்றாள் தருபாலா. வாயிலிருந்து ரத்தம் தாடையில் வழிந்தது. "என் கட்டு அவுந்து பாத்திருக்கியா ஹாருன்?"

ஏற்ற நீர் படகுகளை மெல்லத் தூக்கியது. காஜி வெகுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹாருனிடமிருந்து கயிற்றை வாங்கிச் சுருட்டிப் படகின் அடியில் போட்டார்.

"எழவெடுத்தவனே, போ," என்றார் நிதாயிடம். "உன் அக்கா விட்டுவெச்ச உசுரு அது. என் கண்ணுல படாம வெச்சுக்க."

படகுகள் திரும்பிப் போயின. போகும்போது ஹாருன் வலையை அறுத்து எறிந்துவிட்டுப் போனான்.

அக்காளும் தம்பியும் மட்டும் மிஞ்சினார்கள். அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு முனகினான்.

"அவங்க கையில விட்டிருக்கலாம் நீ."

அந்த விரல்களைப் பிடித்துத்தான் அவனை நடக்க வைத்தாள். அவற்றைப் படகில் வைத்துக்கொண்டு துடுப்புப் போட அவளால் முடியாது. பொறுக்கியெடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, கரைச் சேற்றில் வீசினாள். நொடியில் சிவப்பு நண்டுகள் வந்துவிடும், பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சற்றுப் பொறுத்துத் திரும்பினாள். விரல்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. சுற்றிலும் நூற்றுக்கணக்கான நண்டு வளைகள். ஒன்றிலிருந்தும் ஒரு கால் வெளியே நீளவில்லை. நிதாயும் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

ஏற்றம் மெல்ல ஏறி விரல்களைத் தொட்டது. கொஞ்சம் புரட்டியது, மறுபடி சேற்றில் வைத்தது. தண்ணீர் அவற்றை மூடும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதுவும் வரவில்லை.