கண் மூடாத படம்

“அசையாம இரு” என்று சொல்ல வாயெடுத்த லிப்ட் மெக்கானிக், பாதியிலேயே அதை விழுங்கிக்கொண்டார். கட்டிலில் கிடந்த மனைவியால் தலையணையிலிருந்து தலையைக்கூடத் தூக்க முடியாது. அவளிடம் போய் இதைச் சொல்வதா?

“அசையாதேன்னுதானே?” என்றாள் அவள். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. “தாராளமா சொல்லுங்க. அசையாம கிடக்கறதுல இப்ப என்னை அடிச்சுக்க ஆளே கிடையாது.”

அவர் சிரித்தார். புதுக் கேமராவைக் கண்ணுக்கு ஏற்றினார்.

வெயில் கண்ணைக் குத்துகிறது என்று அவள் சொன்னதிலிருந்து ஜன்னல் திரை இறங்கியேதான் இருந்தது. மகள் வாங்கிக்கொடுத்த சின்ன எல்இடி விளக்கு தலைமாட்டில் மங்கலாக எரிந்தது. காலையில் வந்த நர்ஸ் நாடி பார்த்துவிட்டு, அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, “எங்கயும் வெளிய போயிடாதீங்க சார். உங்க பொண்ணையும் வரச் சொல்லிடுங்க” என்று மட்டும் சொன்னாள். மகளுக்குப் போன் செய்தார். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. கேமராவை எடுத்துக்கொண்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்துவிட்டார்.

அவளுடைய கண் திறந்திருக்கும் படம் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை.

இது மிகையல்ல. கல்யாண ஆல்பத்தில் ஆரம்பித்து, மகளின் பிறந்தநாள், பட்டமளிப்பு எல்லாவற்றிலும் அவள் இருக்கிறாள். எல்லாவற்றிலும் கண் மூடியிருக்கிறது. ‘டொக்’ என்றால் போதும், இமை விழுந்துவிடும். அவள் வேலை பார்த்த மழலையர் பள்ளியில் பலூன் வெடித்தால் பிள்ளைகளுக்கு முன்னால் டீச்சர் கண்ணை மூடிக்கொள்வாள். செல்போனை யாராவது தூக்கிப் பிடித்தாலே, சத்தம் வருமுன் பழக்கதோஷத்தில் மூடிவிடுவாள். அடையாள அட்டைக்கு எடுத்த படம் மட்டும் விதிவிலக்கு. ஸ்டூடியோக்காரர் அதட்டி, அவள் பிடிவாதமாக விழித்து, கண் இரண்டும் வெளியே வந்து விழப்போவது போல இருக்கும். “நான் செத்தா இந்தப் படத்தை மட்டும் மாட்டிடாதீங்க. வர்றவங்க பயந்து ஓடிடுவாங்க” என்பாள்.

ஏன் இப்படி என்பதை அவர் பல வருஷத்துக்குப் பிறகுதான் கண்டுபிடித்தார். மகள் பிறந்தபோது பரணில் ஏறிய பிலிம் கேமரா, மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீடு ஒதுக்கும்போது இறங்கி வந்தது. துடைத்து, எண்ணெய் விட்டு, ரோல் போட்டார். மறுபடியும் பித்துப் பிடித்துக்கொண்டது. ஈரத் தெரு, மாடிப்படி, லிப்ட் கிணற்றுக்குள் விழும் வெளிச்சம் என்று கண்டதையெல்லாம் எடுத்தார். மனைவியையும் எடுத்தார். ரோல் ரோலாகக் கண் மூடியே வந்தது.

அன்று மேஜையில் கேமராவின் லென்ஸைக் கழற்றி வைத்து அவளுக்கு விளக்கினார்.

“இங்க பாரு. இதுக்குள்ள ஒரு கண்ணாடி சாய்ஞ்சு நிக்குது. நான் பார்க்கறது அந்தக் கண்ணாடியில தெரியற உன்னைத்தான். பட்டனை அழுத்தினதும் முதல்ல கண்ணாடி மேல தூக்கிக்கும். அந்த அடிதான் ‘டொக்’. அதுக்கப்புறம்தான் ஷட்டர் திரை திறந்து பிலிம்ல வெளிச்சம் விழும். ஆகமொத்தம் சத்தம் முதல்ல, படம் அப்புறம். அந்த இடைவெளியில நீ மூடிடற.”

“அப்ப என் மேல தப்பில்ல.”

“இன்னொண்ணு கேளு. கண்ணாடி மேல போயிட்டா எனக்கு எதுவும் தெரியாது. இருட்டு. படம் விழற நேரத்தை மட்டும் எடுக்கறவன் பார்க்கவே முடியாது.”

“விளக்கம் சொல்லியே ஆளைக் கொல்றீங்க” என்று அவள் எழுந்து போனாள். கம்பெனியிலும் அவருக்கு ‘விளக்கவுரை’ என்றுதான் பேர். லிப்டில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களுக்கு, மூடிய கதவின் இந்தப் பக்கம் நின்று, கயிறு ஏன் அறாது, அறுந்தாலும் கூண்டை எது கவ்விப் பிடிக்கும் என்று நிதானமாகச் சொல்லுவார். “ஐயா, கதவைத் திறந்தா போதும்யா” என்று உள்ளேயிருந்து கெஞ்சியவர்கள் உண்டு.

கண்ணாடியே இல்லாத கேமரா வந்துவிட்டது என்று தெரிந்ததும் அவர் தூக்கம் போயிற்று. எதை வாங்குவது? பிலிமுக்குப் பதிலாக வெளிச்சத்தை வாங்கும் சென்சார் பெரிசாக இருந்தால் மங்கல் வெளிச்சத்திலும் படம் தெளியும். ஆனால் கேமராவும் லென்ஸும் கனத்துத் தொலைக்கும். ஜூம் லென்ஸ் வசதி. ஆனால் ஒரே தூரத்துக்கான லென்ஸில்தான் வாய் அகலம், வெளிச்சத்தை அள்ளும். சாப்பிடும்போதும் வீடியோ பார்த்தார். ஒன்றை முடிவு செய்வார், அதற்குள் அடுத்த மாடல் வந்துவிடும்.

“என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப ஒரு காப்பி குடிக்கிற நேரத்துல முடிவு பண்ணீங்க. இந்தச் சக்களத்திக்கு ஒரு வருஷமா?”

“அப்ப ஒரு மாடல்தானே காட்டினாங்க” என்றார் அவர். அன்று முழுக்க அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பழைய கேமராவுக்கு ‘மூத்தவ’ என்றும், வராத கேமராவுக்கு ‘இளையவ’ என்றும் பேர் வைத்தாள்.

லென்ஸை முடிவு செய்த வாரத்தில்தான் ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. கேமராவை அவர் மறந்துபோனார். அவள் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியதும், “வாங்கித் தொலைங்க. போறதுக்குள்ள இளையவ மூஞ்சியப் பார்த்துடறேன்” என்றாள்.

இப்போது இளையவள் அவர் கண்ணில் ஒட்டியிருந்தாள். சத்தத்தை முழுக்க அணைத்திருந்தார். கண்ணாடி இல்லை, ஷட்டர் திரையும் அசையாது. புத்தகத்தை வரி வரியாகப் படிப்பது மாதிரி சென்சார் மேலிருந்து கீழாக வெளிச்சத்தைப் படித்துக்கொள்ளும், அவ்வளவுதான். இருந்தும் அவருக்கு நம்பிக்கை போதவில்லை. அவள் எப்படியாவது இமைத்துவிட்டால்? அதனால் ஷட்டர் வேகத்தையும் நன்றாக ஏற்றி வைத்தார்.

அழுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மஞ்சள் படிந்த கண்தான். ஆனாலும் அவள் கண். ஓரத்தில் நீர் கட்டியது. இமைக்காமல் பிடித்து வைத்திருந்தாள்.

“எடுங்க.”

“எடுத்துட்டேனே.”

“சத்தமே வரலியே?”

“வராது. அதுக்குத்தானே இது.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அப்ப நான் எப்போ மூடறது?”

“நான் சொல்றேன்” என்றார். “இன்னும் ஒண்ணே ஒண்ணு.”

“உங்க ஒண்ணே ஒண்ணு…” என்றாள் அவள். மீதிக்கு மூச்சு வரவில்லை.

கேமராவின் சின்னத் திரையில் காட்டினார். அவளுக்குத் தெரியவில்லை. “பெரிசா காட்டுங்க” என்றாள். கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொண்டுவருகிறேன் என்று நர்ஸை உட்கார வைத்துவிட்டு ஹாலுக்குப் போனார்.

படம் திரை நிறைய விரிந்தது. கண் திறந்திருந்தது. அதன் குறுக்கே ஒரு கரும்பட்டை ஓடியது.

அடுத்ததைத் திறந்தார். அதிலும் பட்டை. கண் தப்பிய படங்களில் வாய் மாட்டிக்கொண்டிருந்தது. கம்பிகளுக்குப் பின்னால் நிற்பவள் போல ஒவ்வொன்றிலும் அவரைப் பார்த்தாள். சின்னத் திரையில் அவர் கண்ணை மட்டும்தான் தேடியிருந்தார். பட்டையை நிழல் என்று நினைத்துவிட்டார்.

காரணம் உடனே தெரிந்தது. தெரியாத விஷயமே இல்லை, வீடியோவில் ஆயிரம் முறை கேட்டது. விலை மலிந்த விளக்கு தொடர்ந்து எரிவதில்லை; நம் கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரிகிறது. சென்சார் வரி வரியாகப் படிக்கும்போது, விளக்கு அணைந்த நேரத்து வரிகள் கறுத்துப்போகின்றன. வேகம் கூடக் கூடப் பட்டையும் அழுத்தமாகும். வேகத்தைக் குறைத்திருந்தால் போதும். ஜன்னல் திரையை ஒரு சாண் விலக்கி வெயிலை விட்டிருந்தால் இந்தத் தொல்லையே கிடையாது.

அதுதான் சரி என்று தோன்றியது. விளக்கை அணைத்துவிடலாம், திரையை ஒரு சாண் மட்டும் விலக்கலாம், வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழாமல் சுவரில் பட்டுத் திரும்பினால் கண்ணும் கூசாது. எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்றுகூடக் கணக்குப் போட்டுவிட்டார். கேமராவை எடுத்துக்கொண்டு எழுந்தபோது நர்ஸ் வாசலில் நின்றாள்.

“சார்” என்றாள். பிறகு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அவர் உள்ளே போனார். ஜன்னல் பக்கம் போகாமல் நடுவில் நின்றார்.

நர்ஸ் இரண்டு விரலால் இமைகளை இறக்கிவிட்டாள். கையை எடுத்ததும் அவை மெல்ல ஏறி, நூலளவு திறந்து நின்றன. மறுபடி இறக்கினாள். மறுபடி ஏறின. “சில பேருக்கு இப்படித்தான் சார்” என்று இமைமேல் ஈரப்பஞ்சு வைத்தாள்.

மகள் வந்தாள். மைத்துனர் வந்தார். தம்பியாகப் பிறந்தாலும் அக்காளை அதட்டியே பழகியவர். இன்று யாரை அதட்டுவது என்று தெரியாமல் நாற்காலிகளை இழுத்து இழுத்துப் போட்டார். வண்டிக்குச் சொன்னார். டாக்டரிடம் பேசினார். கடைசியில் வந்து, “மாமா, தலைமாட்டுல வெக்க ஒரு படம் வேணும். ஸ்டூடியோவுல உடனே போட்டுத் தர்றேன்னுட்டான்” என்றார்.

அவர் கம்ப்யூட்டரைக் காட்டினார். மைத்துனர் வெகுநேரம் பார்த்தார்.

“இது என்ன மாமா, கோடு கோடா?”

“விளக்கு…” என்று ஆரம்பித்தார் அவர். வாழ்நாளில் முதல் தடவையாக விளக்கம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

படங்களை ஸ்டூடியோவுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஸ்டூடியோக்காரரே போனில் கூப்பிட்டார். “கறுப்பை வெளுத்தா புள்ளி புள்ளியா உடையுது சார். கண்ணை நானா வரைஞ்சுதான் வெக்கணும். வெச்சுடலாம். ஆனா அது அவங்க கண்ணா இருக்காது.”

“வேணாம்” என்றார்.

“அடையாள அட்டையில ஒண்ணு இருக்குமே?” என்றார் மைத்துனர்.

“மாமா!” என்றாள் மகள். அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வெடித்தது. “அம்மா எழுந்து வந்து அடிப்பாங்க.” சிரித்து முடிக்கத் தெரியாமல் மறுபடி அழுதாள். பிறகு மூத்தவள் எடுத்த படங்களைக் கிளறி ஒன்றை எடுத்தாள். ‘ஒரு மாடல்தானே காட்டினாங்க’ என்று அவர் சொன்ன அன்று எடுத்தது. அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். கண் இறுக மூடியிருக்கிறது. “இதுதாம்பா அம்மா” என்றாள்.

அவர் தலையாட்டினார். அது அழகான படம்தான். போகஸ் சரியாக இமைமயிரில் விழுந்திருந்தது.

வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சரோடு வந்தவர்கள் அந்த அடுக்குமாடியின் லிப்டைத் திறந்து பார்த்தார்கள். “நுழையாது” என்றார் அவர், அவர்கள் அளக்குமுன்னே. “சாய்க்க வேண்டியிருக்கும். படியில எடுத்துடுங்க.” அந்தக் கூண்டின் ஆழம் அவருக்கு மனப்பாடம். அதைத் தவிர அந்த மதியம் அவரிடம் யாருக்கும் உதவுகிற மாதிரி ஒரு தகவலும் இல்லை.

“ஒரு நிமிஷம்” என்று அலமாரிப் பக்கம் போனார். மூத்தவளை எடுத்தார். உள்ளே ரோல் இல்லை. அது அவருக்குத் தெரியும். அறைக்குள் போய்க் கட்டிலருகே அதே இடத்தில் உட்கார்ந்தார். ஈரப்பஞ்சை எடுத்து அப்பால் வைத்தார். இமைகள் நூலளவு திறந்துதான் இருந்தன. உள்ளே கொஞ்சம் வெள்ளை தெரிந்தது.

பிலிமை நகர்த்தும் நெம்புகோலை இழுத்தார். கண்ணை வைத்து, போகஸ் வளையத்தைத் திருப்பி, மங்கலைத் தெளிய வைத்தார். அழுத்தினார்.

‘டொக்’.

கண்ணாடி மேலே போயிற்று, இருட்டு. கண்ணாடி இறங்கியது. அவள் தெரிந்தாள். நூலளவு வெள்ளை அப்படியே இருந்தது.

மறுபடி இழுத்தார். ‘டொக்’. இருட்டு. அவள். நூலளவு வெள்ளை.

மூன்றாவது முறைக்கு மகள் கதவருகே வந்து நின்றாள். பின்னால் ஸ்ட்ரெச்சரின் இரும்புக்கால் சுவரில் இடித்தது.

“அப்பா. அவங்க காத்துட்டிருக்காங்க.”

“இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்றார்.

மகள் உள்ளே வந்தாள். அம்மாவின் நெற்றியில் விழுந்திருந்த முடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டாள். போர்வையின் சுருக்கத்தை நீவினாள். பிறகு, படத்தில் விழாதபடி, சுவரோரமாக விலகி நின்றாள்.

அவர் நெம்புகோலை இழுத்தார்.