பரீட்சை அறையில் பேசிய மேசை

சந்தேகப்படுவதுதான் என் உண்மையான உத்தியோகம், கணக்குப் பாடம் எடுப்பது பொழுதுபோக்கு என்று எங்கள் ஊரில் கேலி பேசுவார்கள். என் கணவர் இருந்தவரைக்கும், "கொனாடு, உனக்குத் தண்ணி குடுத்தாக்கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிப்ப" என்பார். அதில் என்ன தப்பு? ஒரு பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியையாக இருப்பவள் மோந்து பார்க்காமல் இருந்தால் பள்ளிக்கூடம் உருப்பட்டாற்போலத்தான்.

அதனால் துவுமாசி வந்து சேர்ந்த அன்றைக்கே அவன் மேல் ஒரு கண் வைத்துவிட்டேன். கடற்கரைப் பக்கத்துக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த கலைப்பாட வாத்தியார். கையில் மணிக்காப்பு, வாயில் எப்போதும் ஒரு முணுமுணுப்பு. கலைப்பாட வாத்தியார் என்றால் பலகையில் ஒரு வாழைப்பழத்தை வரைந்து போட்டுவிட்டு நாற்காலியில் தூங்குகிறவர் என்பதுதான் எங்கள் அனுபவம். இவனோ தூங்கவில்லை. அறிவியல் டீச்சர் பிரசவ விடுப்பில் போனதும், தலைமையாசிரியர் அஜேகுமிடம் போய், "அந்த வகுப்பையும் எனக்கே குடுங்க சார்" என்று கேட்டு வாங்கிக்கொண்டான். கூடுதல் வேலையைக் கேட்டு வாங்குகிற மனுஷனை நான் அதுவரை பார்த்ததில்லை. இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

அந்த வாரமே சுவருக்கு அந்தப் பக்கம் மேசைகள் அதிர ஆரம்பித்தன. என் வகுப்பில் நான் சொல்வது எனக்கே கேட்கவில்லை. சாக்பீஸும் கையுமாகப் போய் அவன் வகுப்பு வாசலில் நின்றவள், அப்படியே கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன்.

பிள்ளைகள் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் தட்டினால் மேல் சுரம், நடுவில் தட்டினால் கீழ்ச் சுரம். அது வெறும் தாளம் இல்லை, பேச்சு. எங்கள் பாஷையில் குரலின் ஏற்ற இறக்கம்தான் பொருள், அந்த ஏற்ற இறக்கத்தைத் தட்டினாலே சொல் புரிந்துவிடும். என் அப்பா அரண்மனை முரசுக்காரர். கீழ்ச் சுரத்துக்கு ஆண் முரசு, மேல் சுரத்துக்குப் பெண் முரசு, இரண்டையும் வைத்து அவர் என்ன சொன்னாலும் ஊருக்கே புரியும். இன்னார் இறந்துவிட்டார் என்று முரசு சொன்னால், ஆள் வந்து சொல்லும்வரை காத்திராமல் பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். பெண்பிள்ளை என்பதால் முரசை நான் தொட்டதே கிடையாது, தொடவும் விடமாட்டார்கள். ஆனால் கொல்லையில் ஃபுஃபுவுக்குக் கிழங்கு இடித்துக்கொண்டே கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். கைக்கு ஒன்றும் தெரியாது, காதுக்கு எல்லாம் தெரியும்.

மேசைகள் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்: 'நாலு அறை வீடே, தூங்காத வீடே. ஊரெல்லாம் சுற்றிக் களைத்த ரத்தமே, வலப்பக்கத்து மேலறையில் நுழை. கீழறைக்கு இறங்கு. நுரையீரலுக்குப் போய் மூச்சு வாங்கு. இடப்பக்கத்து மேலறைக்குத் திரும்பு.' ராஜாவின் வம்சப் பெருமையைச் சொல்கிற அதே நடையில் இவன் இதயத்தைப் பாட வைத்திருக்கிறான்!

"தம்பி, இது வகுப்பறையா, அரண்மனையா?" என்றேன்.

"ரெண்டும்தான் மேடம்."

"பொண்ணுங்களும் தட்டுறாங்க."

"மேசையத்தானே மேடம் தட்டுறாங்க? முரச இல்லையே."

எதற்கும் பதில் தயாராக வைத்திருக்கிறவனை நம்பவே கூடாது.

மாதிரித் தேர்வு வந்தது. எல்லாப் பாடத்துக் கேள்வித்தாளும் விடைத்தாளும் துணைத் தலைமையாசிரியையான என் பொறுப்பு. கேள்வித்தாளை என் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் திரிந்தேன். விடைத்தாள் திருத்தும்போது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அறிவியலில் பாதிப் பிள்ளைகள் முன்பு வாங்கியதைப் போல இரண்டு மடங்கு வாங்கியிருந்தார்கள். முக்கியமாக, போவாத்தேமா.

போவாத்தேமா ஏற்கெனவே ஒரு முறை இறுதித் தேர்வில் தோற்று, அதே வகுப்பில் மறுபடியும் உட்கார்ந்திருந்த பெண். அவள் அம்மா லாரி நிலையத்தில் கென்கி என்கிற சோளமாவு உருண்டை விற்கிறாள். "இந்தத் தடவையும் கோட்ட விட்டான்னா குமாசிக்குத்தான் மேடம். அங்க எங்க அக்கா துணிக்கடை போட்டிருக்கா. மூட்டை தூக்கட்டும், படிப்பு போதும்" என்று என்னிடமே சொல்லியிருந்தாள். இவளுக்கோ நர்ஸ் ஆகவேண்டும். அதைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்க்காமல் நம் முகத்தைப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் இதயத்தின் ரத்த ஓட்டத்தை ஒரு வார்த்தை பிசகாமல் எழுதியிருந்தாள். நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் துவுமாசி எப்படிக் கேள்வித்தாளை எடுத்தான் என்றுதான் யோசித்தேன். பூட்டை மாற்றினேன்.

இரண்டாவது மாதிரித் தேர்வுக்கான கேள்விகளை அன்று காலையில்தான் எழுதினேன், யார் கண்ணிலும் காட்டவில்லை. அறைக்குள் நானே நின்றேன். குனிந்த தலைகள், ஓடும் பேனாக்கள். கண்ணுக்கு ஒன்றும் அகப்படாததால் கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்தேன்.

கேட்டது. மெதுவாக, நகத்தின் நுனியால் தட்டுகிற சத்தம். 'வலப்பக்கத்துக் கீழறை... நுரையீரலுக்குப் போய்...' போவாத்தேமாவின் இடது கை மேசையில் பேசிக்கொண்டிருந்தது. அதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த அமோவா என்ற பையன், அவளுக்கு இரண்டு வரிசை பின்னால், சட்டென்று குனிந்து எழுத ஆரம்பித்தான்.

மாட்டிக்கொண்டார்கள்! அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். துவுமாசியையும் வரச் சொன்னார். தலைமையாசிரியர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். முந்தைய ஆண்டு பக்கத்து ஊர்ப் பள்ளியில் காப்பி அடித்தார்கள் என்று ஒட்டுமொத்தமாக எல்லாப் பிள்ளைகளின் முடிவையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதிலிருந்து அவருக்குப் பரீட்சை என்ற வார்த்தையைக் கேட்டாலே வேர்க்கும்.

"அவ யாருக்கும் சொல்லித் தரல மேடம்" என்றான் துவுமாசி. "தனக்குத்தானே சொல்லிக்கிறா. சில பேருக்குப் படிக்கும்போது உதடு அசையாதா? அந்த மாதிரிதான்."

"உதடு அசையலாம் தம்பி, சத்தம் வரக்கூடாது. பரீட்சைல வாய்விட்டு விடையச் சொன்னா என்ன பண்ணுவாங்க? வெளிய அனுப்புவாங்க. இந்த ஊர்ல தட்டுறதுன்னா பேசுறது. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அமோவாவுக்கும் தெரிஞ்சிருக்கு."

"அவனுக்கும் பாடம் தெரியும் மேடம். மறந்திருப்பான், அவ தட்டினதும் ஞாபகம் வந்திருக்கும்."

"அதுக்குப் பேர்தான் காப்பி."

துவுமாசி தலைமையாசிரியரைப் பார்த்தான். தலைமையாசிரியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "மேடம் சொல்றது சரிதான். வெளியூர்லேருந்து வர்ற கண்காணிப்பாளர் காதுல இது விழுந்துச்சுன்னா பள்ளிக்கூடமே போச்சு. இனிமே தட்டுறது கிடையாது."

ஆக, விதி போட்டவள் நான்தான். தேர்வு எழுதும்போது எழுதாத கையை மேசையில் விரித்து வைக்க வேண்டும், விரல் அசையக் கூடாது. தட்டுவது என்றால் பேசுவது, பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பிள்ளைகளிடமும் சொன்னேன். கடைசி வாரம் முழுக்க அப்படியே பழக்கினேன். போவாத்தேமாவின் கை, ஆணி அடித்தாற்போல மேசையோடு ஒட்டிக் கிடந்தது. அந்த வாரம் அவள் எழுதியவை எல்லாம் அரைகுறை. பதற்றம், சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துவுமாசி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். அதையும் நான் சந்தேகப்பட்டேன்.

இறுதித் தேர்வில் எங்கள் பிள்ளைகளை நாங்களே கண்காணிக்கக் கூடாது. மயக்கம் போடுகிற பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள மட்டும் ஓர் ஆசிரியர் தண்ணீரோடு வராந்தாவில் நிற்கலாம். அறிவியல் தேர்வன்று நான் நின்றேன். உள்ளே கண்காணிப்பாளராக வந்தவர் வடக்கேயிருந்து வந்த தமாலேக்காரர், இத்ரிசு. நீண்ட வெள்ளை அங்கி, சத்தமே வராத செருப்பு. அவர் பிள்ளைகளைப் பார்த்த பார்வையில் என்னையே நான் பார்த்தேன்.

சன்னலை ஒட்டித்தான் போவாத்தேமாவின் இடம். முதல் பகுதியை எப்படியோ எழுதினாள். இரண்டாம் பகுதியில் பேனா நின்றுவிட்டது. எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள், மறுபடி அடித்தாள். விரித்து வைத்த கை மட்டும் அசையவில்லை. நான் சொன்னதை அப்படியே கடைப்பிடித்தாள், பாவி. கண்ணீர் ஒரு சொட்டு தாளில் விழுந்தது. அதைத் துடைக்கக்கூட அந்தக் கையை எடுக்கவில்லை. என்ன கேள்வியோ எனக்குத் தெரியாது, இதயமாக இருக்கலாம். ஆனால் அவளைக் குமாசிக்கு அனுப்புவது அவள் அம்மா இல்லை, நான்தான் என்பது எனக்கு அங்கே நிற்கும்போது தெரிந்துவிட்டது.

என் கை சன்னல் கட்டைமேல் இருந்தது. நாலு அறை வீட்டின் பாட்டு முழுவதும் எனக்கு அத்துப்படி. சுவர் வழியே அத்தனை நாள் கேட்டிருக்கிறேனே. தட்டினால் அவளுக்குப் போய்ச் சேரும். தட்டிவிடுவேனோ என்று என்னையே நான் சந்தேகப்பட்டேன். வாழ்க்கையில் யார் மேலும் அவ்வளவு சந்தேகம் எனக்கு வந்ததில்லை.

விரல் தானாக அசைந்தது. ஆனால் வந்தது அந்தப் பாட்டு இல்லை. திருநாள் காலைகளில் எந்தச் செய்தியையும் சொல்வதற்கு முன்னால் என் அப்பா முரசில் தட்டுகிற முதல் வரி. 'எழுந்திரு, விடிந்துவிட்டது, எழுந்திரு.' அவ்வளவுதான். தட்டி முடித்ததும் கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

போவாத்தேமா நிமிர்ந்தாள். அமோவா நிமிர்ந்தான். எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். இத்ரிசுவும் நிமிர்ந்தார்.

சத்தமில்லாத செருப்போடு வராந்தாவுக்கு வந்தார். "மேடம், இப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் வாயே திறக்கல சார்."

"வாயைக் கேக்கல. எங்க பக்கமும் முரசு பேசும். இந்த ஊர் பாஷை எனக்குத் தெரியாது, ஆனா பேச்சு எது, சத்தம் எதுன்னு தெரியும். என்ன சொன்னீங்க?"

"எழுந்திருன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அத நான் எப்படி நம்புறது?"

நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். "என் பேர எழுதிக்கோங்க சார். பிள்ளைங்க பேர எழுதாதீங்க, அவங்க ஒண்ணும் பண்ணல" என்றேன்.

"தேர்வு முடியட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு நான் சன்னல் பக்கமே போகவில்லை. தூணில் சாய்ந்து முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் எழுதுகிறாளா, அழுகிறாளா என்று தெரியாது.

மணி அடித்துத் தாள்களைக் கட்டியதும், மற்றப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் போவாத்தேமாவை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். என்னை ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று கையைக் காட்டினார்.

"ஏம்மா, இந்த மேடம் சன்னல்ல தட்டினாங்களே, என்ன சொன்னாங்க?"

அவள் தரையைப் பார்த்தாள். என் இதயத்தின் நாலு அறையும் அடித்துக்கொண்டது. 'எழுந்திரு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் சொன்னதோடு ஒத்துப்போய்விடும்.

"ஒண்ணும் சொல்லல சார்" என்றாள்.

"ஒண்ணும் சொல்லலையா?"

"மேடத்துக்குத் தட்டவே வராது சார். அவங்க காலத்துல பொண்ணுங்க முரசத் தொடக்கூடாதுல்ல? விரல் எங்கெங்கயோ போச்சு. அது வெறும் சத்தம். என்னடா இதுன்னுதான் நாங்க எல்லாரும் நிமிந்து பாத்தோம்."

இத்ரிசு என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு அவர் தாடி குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "சத்தத்துக்கெல்லாம் அறிக்கை எழுத முடியாது மேடம். அடுத்த தேர்வுக்கு வேற யாரையாவது தண்ணி குடுக்க நிக்கச் சொல்லுங்க" என்று விடைத்தாள் கட்டோடு போய்விட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் மட்டும் நின்றோம்.

"எழுதினியா?"

"எழுதினேன் மேடம். எல்லாம்."

அப்பாடா என்று இருந்தது. இருந்தாலும் அரண்மனை முரசுக்காரர் மகளுக்கு ரோஷம் வராதா? "நான் தட்டினது அவ்வளவு மோசமாவா இருந்துச்சு? உனக்கு நெசமாவே புரியலையா?"

"புரிஞ்சுது மேடம். எழுந்திருன்னீங்க. அதுக்கப்புறந்தான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துச்சு."

"அப்ப அவர்கிட்ட ஏன் பொய் சொன்ன? உண்மையச் சொல்லியிருந்தாலே நான் தப்பிச்சிருப்பேனே!"

போவாத்தேமா தரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள். "தட்டுறதுன்னா பேசுறதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க? எழுந்திருன்னாலும் பேச்சுதானே. பேசினீங்கன்னு நான் ஒத்துக்கிட்டா, உங்கள வெளிய அனுப்பிடுவாங்களே."

"நாளைக்குக் கணக்குப் பரீட்சை" என்றேன். "கையை மேசைல வைக்காத. தொடைல வச்சுக்கோ. என்ன வேணும்னாலும் தட்டு. சத்தம் மட்டும் வெளிய வரக்கூடாது."

"சரி மேடம்" என்று படியில் இறங்கியவள் திரும்பினாள்.

"நீங்களும் மேடம்."