ஒரு கொறையும் இல்லைங்க

மூன்று மணிக்கு முதல் ஷிப்ட் விட்டதும் பெண்கள் போன் கவுண்டர் முன்னால் வரிசை கட்டினார்கள். சூளகிரிப் பக்கம் புதிதாக வந்த அந்தக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும், வேலை முடிந்ததும் டோக்கனைக் காட்டி வாங்க வேண்டும். எட்டு மணி நேரம் வயர்களைக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றியதில் வீரலட்சுமிக்குக் கட்டைவிரல் இரண்டும் மரத்துப்போயிருந்தன. முன்னால் நின்றவள் டோக்கனைத் தொலைத்துவிட்டு செக்யூரிட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது.

ஒருவழியாகப் போன் கைக்கு வந்தபோது அதில் முப்பத்தெட்டு மிஸ்டு கால் இருந்தது. வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவலக்கா. உனக்குத்தான் ஆயிருக்குது. இத பாரு." பக்கத்து மேஜையில் வேலை பார்க்கும் காவியா தன் போனை நீட்டினாள்.

அதில் வீரலட்சுமி பேசிக்கொண்டிருந்தாள். உடம்பில் கம்பெனியின் நீலக் கோட்டு, இடுப்பில் காலிக் குடம். "பதினெட்டு நாளாச்சுங்க கொழாயில தண்ணி வந்து. கம்பெனிக்கு மட்டும் லாரி லாரியாப் போவுது. நாங்க இன்னா மனுசங்க இல்லையா?" பின்னால் இடி இடிக்கிற மாதிரி ஒரு மியூசிக். கீழே சிவப்பு எழுத்தில் 'பொங்கி எழுந்த நீலக்கோட்டு அக்கா!' நான்கு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

"இது தண்ணி ஆபீசுக்காரரு எடுத்ததுடி."

"எந்த ஆபீசு? எலக்சனுக்கு வீடியோ போடறவன்க்கா அவன். ஓசூர்ல ரூம் போட்டு ஒரு கட்சிக்கு வேல செய்யறான். பேரு ஹரீஷ்குமார்."

புதன்கிழமை அவள் பஸ்ஸை விட்டு இறங்கி, கோட்டைக்கூடக் கழற்றாமல் குடத்தோடு குழாயடிக்குப் போயிருந்தாள். அந்த ஆள் போனை நீட்டிப் பேர் கேட்டான், ஊர் கேட்டான், என்ன குறை என்று கேட்டான். கம்பெனிக்கு வருவதற்கு முன் வீரலட்சுமி நூறு நாள் வேலைக்குப் போனவள். அங்கே காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ. முகம் சரியாக விழாவிட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது. போனை முகத்துக்கு நேரே யார் நீட்டினாலும் அது சர்க்கார் பதிவு என்பது அவள் உடம்பில் ஊறிவிட்டது. அதனால் நிமிர்ந்து நின்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அத்தோடு விட்டாளா? நாளைக்கு மனு செல்லாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையையும் தூக்கி, அசையாமல் காட்டினாள்.

வீடியோவில் அட்டை பளிச்சென்று விழுந்திருந்தது. கம்பெனி பேர், காண்ட்ராக்டர் பேர், அவள் நம்பர், ஒன்று பாக்கியில்லை.

பஸ் படியில் காலை வைத்தபோது முனிராஜ் மறித்தார். காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர் அவர். "ஏறாதம்மா. ஹெச்.ஆர். கூப்பிடறாங்க."

ஏசி அறையில் இருந்த மேடம் பெங்களூர்க்காரர். கம்ப்யூட்டரை இவள் பக்கம் திருப்பிவிட்டு, "ஏனம்மா இது?" என்று, என்ன இது என்ற பொருளில், கன்னடத்தில் கேட்டார். வீரலட்சுமி தமிழில் பாதி, தெரிந்த கன்னடத்தில் பாதி சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேறு போன் வந்துவிட்டது. முனிராஜ் அவளை வெளியே கூட்டிவந்தார்.

"கம்பெனி கோட்டுல நின்னு கட்சி வீடியோவுல பேசினா எவன் வெச்சிருப்பான்? நாளைக்கு வராத. திங்கக்கெழமைக்குள்ள அத எடுக்கச் சொல்லு. எடுத்துட்டா நான் பேசிப் பாக்கறேன். இல்லன்னா பேர அடிச்சுடுவாங்க."

"நான் தண்ணி கேட்டேண்ணா. ஓட்டா கேட்டேன்?"

"கோட்டக் கழட்டிட்டுக் கேட்டிருக்க வேண்டியதுதான?"

வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் அவளுடையது. தக்காளி லோடு ஏற்றும்போது இடுப்புப் பிடித்துக்கொண்ட புருசன் திம்மராயன் ஐந்து மாதமாகக் கட்டிலோடு கிடந்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று தன்னையே திட்டிக்கொண்டு அவள் வெயிலில் நடந்தாள். கம்பெனி பஸ் எப்போதோ போய்விட்டது.

சனிக்கிழமை காலை ஓசூரில் அந்த ரூமைத் தேடிப் பிடித்தாள். ஒரு செல்போன் கடைக்கு மேலே மாடி. நான்கு பேர் காதில் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கம்ப்யூட்டரில் அவள் முகம் வாயைத் திறந்தபடி நின்றிருந்தது.

"யக்கா! வாங்க வாங்க! நீங்கதான் இப்ப டிரெண்டு." ஹரீஷ்குமார் நாற்காலியை இழுத்துப் போட்டான். "டேய், அக்காவுக்கு ஜூஸ் சொல்லு."

"ஜூசும் வேணா, ஒரு எழவும் வேணா. அந்த வீடியோவ எடுத்துடுப்பா. திங்கக்கெழமைக்குள்ள எடுக்கலன்னா என் வேல போயிடும்."

"நான் எடுத்தாலும் வீடியோ போவாதுக்கா. நீங்க பேசின முழுசையும் நான் போட்டேனா, அதுல இருந்து எதிர்க் கட்சிக்காரன் வெட்டிப் போட்டுட்டான். இத பாருங்க, திருட்டுப் பசங்க."

இந்த வீடியோவிலும் அவளேதான். அதே கோட்டு, அதே குடம், அதே அட்டை. லேசாகச் சிரித்தபடி "எனக்கு ஒரு கொறையும் இல்லைங்க" என்றாள். உடனே நாதஸ்வரம் ஒலித்தது. கீழே 'ஏழைத் தாயின் மனநிறைவு' என்று பச்சை எழுத்து ஓடியது.

"அடப்பாவிங்களா! கம்பெனி வேலையில எனக்கு ஒரு கொறையும் இல்லைங்க, தண்ணிதான் இல்லன்னு சொன்னேன்! முன்ன ரெண்டு வார்த்த, பின்ன ரெண்டு வார்த்த எங்க போச்சு?" வீரலட்சுமி திரையில் இருந்த குடத்தை விரலால் குத்திக் காட்டினாள். "காலிக் கொடத்த இடுப்புல வெச்சிகினு ஒருத்தி கொறையில்லன்னு சொல்லுவாளா? கேழ்வரகுல நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்கு மதி எங்க போச்சு?"

"சூப்பர்க்கா! இத அப்படியே ஒருக்கா சொல்லுங்க." அவன் கை போனைத் தேடியது.

"கீழ வெய்டா அத!"

அவன் வைத்தான். ஆனால் முகம் வாடவில்லை. "கோவப்படாதீங்க. வேல போச்சுன்னு ஒரு வீடியோ போட்டுடுவோம். பத்து லட்சம் பேரு பாப்பாங்க."

"வேல இன்னும் போவலப்பா! நீ எடுத்தா போவாதுன்னுதான சொல்லிகினு கீறேன்! கம்பெனிக்காரங்க உன் வீடியோவத்தான் காட்டறாங்க."

"நானா எடுக்க முடியாதுக்கா, கேண்டிடேட் ஆபீசுல கேக்கணும். ஓட்டு முடியட்டும், நானே எடுத்துடறேன். எட்டு நாள்தான?"

"எட்டு நாள்ல என் மேஜையில வேற ஒருத்தி நிப்பா."

ஹரீஷ்குமார் தலையைச் சொறிந்தான். அதற்குள் ஜூஸ் வந்துவிட்டது. அவள் அதைத் தொடாமல் முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு படி இறங்கினாள். கீழே செல்போன் கடை வாசலில் நின்ற இரண்டு பேர் அவளைப் பார்த்துவிட்டுத் தங்கள் போனைப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முன்பே எழுந்து, துவைத்துக் காயவைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். எதற்கென்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஒருவேளை மறந்திருப்பார்கள். பஸ் வந்தது. காவியா ஜன்னலில் தலையை நீட்டி, "ஏறுக்கா, உள்ள போயி பேசிக்கலாம்" என்றாள். முனிராஜ் படியில் நின்றுகொண்டிருந்தார். கையில் பேர் எழுதிய தாள்.

"எடுத்துட்டாங்களா?"

"ஒருத்தன் எட்டு நாள் பொறுங்கறான். இன்னொருத்தன் யாருன்னே எனக்குத் தெரியலண்ணா. நான் எங்கன்னு போயி தேடுவேன்?"

"நான் இன்னா பண்ணட்டும்மா, சொல்லு? நேத்து ரெண்டாவது வீடியோவும் மேடத்துக்குப் போயிடுச்சு." அவர் நிமிர்ந்து பார்க்காமல் தாளில் ஒரு கோடு போட்டார். "அட்டையக் குடுத்துடு."

கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். பஸ் போய்விட்டது. வீட்டுக்குப் போய்த் திம்மராயனிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் குழாயடிப் பக்கம் நடந்தாள். பத்துப் பதினைந்து குடங்கள் வரிசையில் இருந்தன, குழாய் வறண்டிருந்தது.

சற்று நேரத்தில் கட்சிக் கொடி கட்டிய பிரசார வேன் ஒன்று வந்து குழாய்க்கு எதிரே நின்றது. முதுகில் ஆள் உயரத் திரை. நாதஸ்வரம் ஊரை எழுப்பியது. திரையில் நீலக் கோட்டு, காலிக் குடம், அட்டை. "எனக்கு ஒரு கொறையும் இல்லைங்க" என்றாள் அவள். மறுபடி முதலிலிருந்து ஓடியது, மறுபடியும் சொன்னாள். குடத்துக்காரிகள் சிலர் சிரித்தார்கள், ஒருத்தி "த்தூ" என்றாள். வீரலட்சுமி திரைக்கு நேர் முன்னால் போய் நின்றாள்.

"நிறுத்துங்கய்யா!" என்று கத்தினாள். நாதஸ்வரத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

பின்னால் இருந்து, கூட்டத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த கட்சிக்காரர் ஒருவர் குரல் கொடுத்தார். "யம்மா, கொஞ்சம் நவுரும்மா. அந்தக்கா மொகம் மறையுது."

அவள் திரும்பினாள். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.