நிமிரன் என்று பேர் வைத்தவள்

இன்றைக்கு எந்தக் கிளினிக்கிலாவது "நிமிரன்!" என்று கூப்பிட்டுப் பாருங்கள், நாலு பேர் எழுந்து வருவார்கள். பேர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒருவன் ராஜா பேர் என்பான், இன்னொருவன் நட்சத்திரத்தின் பேர் என்பான். அத்தனையும் கப்சா. அந்தப் பேர் என் வயிற்றில் உண்டானது.

நான் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தவள். எட்டு மணி அடித்ததும் வாசல் ஷட்டரை இடுப்பளவுக்கு இறக்கிவிடுவார்கள். தாமதமாக வந்தவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும். மேனேஜர் எதிரே நின்று காபி குடித்துக்கொண்டே வேடிக்கை பார்ப்பார்.

எனக்கு ஒன்பதாம் மாசம். வயிறு எனக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே கம்பெனிக்குப் போய்விடும், லேட்டாவது நான்தான்.

"குனிஞ்சு வந்துடும்மா," என்றார் வாட்ச்மேன்.

"முடியாதுண்ணே. தூக்குங்க."

"அவரு பாத்துட்டு இருக்காரும்மா."

"நல்லா பாக்கட்டும். நானும் குனிய மாட்டேன், உள்ள இருக்கறவனும் குனிய மாட்டான்."

உள்ளே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நானூறும் நின்றன. ஊரில் பறந்த காக்காய்கூட அந்தரத்தில் நின்றது. ஷட்டர் ஏறியது.

பத்தாம் நாள் மகன் பிறந்தான். என்ன பேர் வைக்கலாம் என்று வீட்டுக்காரர் யோசித்தார். வாசலிலேயே வைத்தாகிவிட்டது, நிமிரன் என்றேன்.

மூன்று மாசம் கழித்து அவனைக் கம்பெனிக் குழந்தைகள் அறையில் சேர்க்கப் போனேன். விண்ணப்பத்தைப் பார்த்ததும் மேனேஜருக்கு மூக்கு சிவந்தது.

"இந்தப் பேரு என் ரிஜிஸ்டர்ல ஏறாது. திங்கட்கிழமைக்குள்ள வேற பேரோட வா. இல்ல, பிள்ளையோட வீட்லயே இரு."

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. தொட்டில் இல்லையென்றால் வேலையும் இல்லை.

"கம்பெனிக்கு ஒரு பேரு, வீட்டுக்கு ஒரு பேரு வச்சுக்கலாமே?" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு வேணும்னா ரெண்டா வச்சுக்குங்க."

மறுநாள் விஷயத்தைப் பட்டன் தைக்கும் அக்காவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். அவளிடம் ரகசியம் சொல்வதும் மைக்கில் பேசுவதும் ஒன்று.

திங்கட்கிழமை காலையில் குழந்தைகள் அறை ஆயாவின் மேஜையில், என் விண்ணப்பத்தின் மேல், பதினொரு பேர்மாற்ற விண்ணப்பங்கள் கிடந்தன. பதினொன்றிலும் நிமிரன்!

மேனேஜர் பாய்ந்து வந்தார். என் மகனையும் மற்றக் குழந்தைகள் நடுவில்தான் கிடத்தியிருந்தேன். தவழ்கிறவன், எச்சில் வடிக்கிறவன் எல்லோரையும் பார்த்து, "இதுல எவன்டா அவன்?" என்று கத்தினார். பன்னிரண்டு பேரும் ஒரே சுருதியில் அழுதார்கள். சரி, ஏழு பேர்.

"இவனா?" என்று ஒன்றைக் காட்டினார்.

"அது பொம்பளப் பிள்ளை சார்," என்றாள் ஆயா.

அவசரத்தில் அதன் அம்மாவும் எழுதிக் கொடுத்துவிட்டாள். "தெரிஞ்சுதான் கொடுத்தேன். என் பொண்ணு மட்டும் குனியணுமா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. அவள் பின்னால் இன்னும் பத்து அம்மாக்கள்.

"இவங்க பிள்ளைக்கு இடம் இல்லைன்னா எங்களுக்கும் வேண்டாம் சார்," என்றாள் ஒருத்தி. "பிள்ளைங்களைத் தூக்கிட்டு இப்பவே கிளம்பறோம்."

சரக்கு வியாழக்கிழமை கப்பலேற வேண்டும். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் மகனைத் தூக்கி மூக்கைத் துடைத்தேன்.

"எழுதித் தொலை," என்றார் ஆயாவிடம்.

"எத்தனை சார்?"

"எல்லாத்தையும்!"

என் மகன் பேரைத்தான் முதலில் எழுதினாள். பேனாவை அவள் அழுத்திய அழுத்தலில் அடியிலிருந்த இருபது பக்கத்திலும் நிமிரன் பதிந்துவிட்டான்.