தீபத்துக்குப் போட்ட வட்டம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் அழகுக்காகத்தான் தொடங்கினேன். செங்கம் ரோட்டில் எனக்குக் கீழ்வீட்டில் இருக்கும் சினேகாவுக்கு, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துக் காட்டுத்தீப் புகை எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்லும் வேலை. எங்கோ வெளிநாட்டில் காடு எரியும். இவள் இங்கே காபி குடித்துக்கொண்டே அந்தப் புகையின் பின்னால் போவாள். அதை எழுதலாமென்று போன வாரம் முதல் வரி போட்டேன்: "வானத்திலிருந்து பார்த்தால் புகை ஒரு வெள்ளைத் துப்பட்டாவைப் போல…"

(சீ! அடித்துவிட்டேன். இன்று மதியம் எரிவது எங்கள் மலை.)

2

மலை ஜன்னலுக்கு வெளியேதானே நிற்கிறது, எட்டிப் பார்த்தால் போதாதா என்பீர்கள். மடிக்கணினியோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தபடி நானும் அதைத்தான் கேட்டேன்.

"இங்கருந்து பாத்தா புகைதான் தெரியும்ண்ணா. எங்க எரியுதுன்னு மேலருந்து பாத்தாதான் தெரியும்" என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவள் தம்பி பாலாஜி, மலையில் மரம் நடுகிறவர்களோடு சேர்ந்து, பச்சைத் தழையால் தீயை அடித்து அணைக்கப் போயிருக்கிறான். திரையில் தீயைக் காட்டும் சிவப்புப் புள்ளிகள் அடிவாரத்தில் மட்டும்.

"மேல ஒண்ணும் இல்லடா" என்று அவனிடம் போனில் சொன்னாள். "பயப்படாம ஏறு. மேலருந்து அடிச்சிக்கினே இறங்குங்க."

[இந்த இடத்தில் பாலாஜியைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அவன் தலைமுடி, பிரியாணிப் பைத்தியம், எல்லாம். எடுத்துவிட்டேன். உங்களுக்கு அவனைப் பிடித்துப்போனால் எனக்குக் கை ஓடாது.]

3

அடுத்த படம் வந்தது. புகை அடிவாரத்திலிருந்து கிளம்பவில்லை. மலையின் நடுவில் கிளம்பி கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நீண்டது. கிளம்பிய இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

சினேகா தலையில் கை வைத்தாள். "ஐயோ, தீபம்!"

அவளுக்கு நேரமில்லை, நான் விளக்குகிறேன். கார்த்திகையில் மலை உச்சியில் தீபம் எரியும் நாட்களில், உலகம் முழுக்கத் தீயைத் தேடும் அவள் கணினி அதையும் காட்டுத்தீ என்று நினைத்துக் கத்திக்கொண்டே இருக்கும். அதனால் சினேகா வருஷா வருஷம் மலைமேல் ஒரு வட்டம் போட்டு, இதற்குள் எரிவதைக் காட்டாதே என்று சொல்லிவைப்பாள். இந்தத் தடவை கொஞ்சம் தாராளமாகவே போட்டிருக்கிறாள். தீபம் முடிந்தும் எடுக்கவில்லை. இப்போது பங்குனி.

வட்டத்தை அழித்தாள். மலையின் இடுப்பெல்லாம் சிவப்பு.

4

பலமுறை முயன்று போன் ஒரு தடவை கிடைத்தது.

"டேய், நான் தப்பா சொல்லிட்டேன்டா. மேலயும் எரியுது. நடுவுல மாட்டிக்கினு இருக்கே."

இருமல். "எந்தப் பக்கம்க்கா போறது? சீக்கிரம் சொல்லு."

அவள் பார்த்துக்கொண்டிருப்பது பழைய படம். அதற்குள் காற்று திரும்பியிருக்கலாம்.

"எரிஞ்சு கருகிப்போன இடம் இருக்கா? புல்லே மிச்சமில்லாம? அந்தக் கருப்புல போய் நில்லு, அங்க மறுபடி தீ பிடிக்காது. நகராத."

"சுடுதுக்கா!"

"சுடட்டும், நில்லு!"

லைன் போய்விட்டது.

(மேலே வட்டம் பற்றிய பத்தியில் முதலில் பழியை மென்பொருள் மேல் போட்டிருந்தேன். அவள்மேல் போட மனசு வரவில்லை. அவள் எட்டிப் படித்துவிட்டு, "நான்தாண்ணா எடுக்க மறந்தேன். அப்படியே எழுதுங்க" என்றாள். மாற்றிவிட்டேன்.)

5

என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

முதலாவது: முகமெல்லாம் கரியோடு பாலாஜி வந்து, "பசிக்குது, என்ன இருக்கு?" என்று அடுப்படிக்குள் நுழைகிறான்.

இரண்டாவது: சினேகா வீட்டு வாசலில் ஊரார் செருப்பெல்லாம்…

சினேகா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேணாண்ணா. எதையும் முடிச்சிடாதீங்க. நீங்க முடிக்காத வரைக்கும் அவன் நின்னுக்கினு இருப்பான்."

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கப் போகிறேன். புதுப் படம் வந்துகொண்டிருக்கிறது, திரையில் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. மலை இன்னும் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை, நீங்கள் பாருங்கள். மற்ற இடமெல்லாம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். அவன் நிற்கிற இடத்தை மட்டும் கருப்பாகவே வையுங்கள்.