ஒரே பின், இரண்டு ஓரகத்திகள்

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் இலக்கிய தாகம் இல்லை, எங்கள் வீட்டில் காணாமல் போன ஒரு சார்ஜர். எல்லா மின்னணுக் கருவிகளுக்கும் ஒரே மாதிரி சார்ஜர் பின்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. குப்பை குறையும், செலவு குறையும் என்றார்கள். கூட்டுக்குடும்பத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மானுட ஒற்றுமையின் நெடும் பயணத்தில் ஒரு சிறு துளை..." (கொட்டாவி வந்தது, நிறுத்திவிட்டேன். உங்களுக்கும் வந்திருக்கும்.)

2

பாத்திரங்கள் இருவர்: என் அண்ணி, என் மனைவி. ஒரே வீடு, ஒரே சமையலறை, பேச்சுவார்த்தை கிடையாது. சண்டை எதனால் வந்தது என்றால்... (வேண்டாம், எழுதினால் சண்டை முதலிலிருந்து தொடங்கும்.) அவசியமானதை ஃபிரிட்ஜிடம் சொல்வார்கள். "உப்பு தீர்ந்துபோச்சு" என்று அண்ணி அதனிடம் சொன்னால், என் மனைவி வாங்கி வைத்திருப்பாள்.

ஆனாலும் வீடு அமைதியாகத்தான் இருந்தது. மனைவி ஃபோனுக்கு ஒரு பின், அண்ணி ஃபோனுக்கு வேறு பின். ஒருவர் சார்ஜர் இன்னொருவருக்கு உதவாது. சட்டம் அதில்தான் கை வைத்தது. புது ஃபோன்கள் வந்தன, ஒரே பின், ஒரே வெள்ளை ஒயர்.

3

ஒரு மாலை அண்ணியின் சார்ஜரைக் காணோம். வெளியூரில் அவர் மகள் பிரசவ அறையில் இருந்தாள். ஃபோன் அணையப் போகிறது.

(இங்கே அண்ணியை அழ வைத்திருந்தேன். அவர் அழுகிற ரகம் இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

முடிவு அ: அண்ணி கேட்கிறார், மனைவி கொடுக்கிறாள், கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். (நீங்களே நம்பமாட்டீர்கள்.)

முடிவு ஆ: கேட்கவில்லை, ஃபோன் அணைந்துவிடுகிறது. (எழுத மனசு வரவில்லை.)

நடந்தது இது. என் மனைவி தன் சார்ஜரைப் பிடுங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

"வேணுங்கறவங்க எடுத்துக்கட்டும்," என்றாள் ஃபிரிட்ஜிடம்.

அண்ணி எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஃபோன் வந்தது.

"பொண்ணு பொறந்திருக்கு," என்று அதே ஃபிரிட்ஜிடம் சொன்னார். குரல் நடுங்கியது. என் மனைவி சுவரைப் பார்த்துச் சிரித்தாள். இப்போதாவது பேசுவார்கள் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன். பேசவில்லை. அன்றிலிருந்து ஒரு சார்ஜரை மாற்றி மாற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்து எடுத்தார்கள்.

4

இதுவரை எழுதியபோது முதுகுக்குப் பின்னால் சத்தம். கதையில் தன்னை என்ன செய்திருக்கிறேன் என்று பார்க்க அண்ணி வந்திருந்தார், அதையே பார்க்க மனைவியும். படித்துக்கொண்டிருந்த மனைவி சட்டென்று குனிந்து என் மடிக்கணினியில் செருகியிருந்த ஒயரை உருவினாள்.

"அக்கா, இது உங்களோடதுதானே? ஓரத்துல மஞ்சக் கறை."

"அன்னிக்கே நெனச்சேன், இவனாத்தான் இருக்கும்னு."

"கண்ணுல பட்டதை எடுத்துச் செருகிடுவாரு. என் ஹெட்போன் ஒயரும் இப்படித்தான் போச்சு, அக்கா."

"கல்யாணத்துக்கு முன்னாடியே அப்படித்தான். கேளு, சொல்றேன்."

ஒயரோடு சமையலறைக்குப் போய்விட்டார்கள். என்னை உரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபிரிட்ஜுக்கு வேலையில்லை.

மடிக்கணினியில் சார்ஜ் தீரப்போகிறது என்று சிவப்பு விளக்கு வந்துவிட்டது. எழுந்து போய் ஒயரைக் கேட்டால் கதையை முடித்துவிடலாம். ஆனால் நான் தலையைக் காட்டினால் பேச்சு நின்றுவிடும். போகமாட்டேன். உங்களிடம் இருப்பதும் இதே பின்தானே, மீதியை நீங்கள்