வாசனையே இல்லாத சோடா

சோப்புக் கம்பெனியில் எந்தக் கலவையும் அவள் மூக்கைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். அப்பேர்ப்பட்ட மூக்கு ஒரு காய்ச்சலில் படுத்துவிட்டது. மூன்று மாதமாக ரோஜாவும் மண்ணெண்ணெயும் அவளுக்கு ஒன்றுதான். திங்கட்கிழமைக்குள் மூக்கு சரியாகாவிட்டால் அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவுக்குப் போகச் சொல்லிவிட்டார் முதலாளி.

பஸ் ஓட்டும் கணவன் தினமும் வீட்டுக்கு வந்ததும் அவள் கண்ணைக் கட்டி, ஏதாவது ஒரு கிண்ணத்தை மூக்கருகே நீட்டுவான். டப்பா திறக்கும் சத்தத்தை வைத்தே அவள் சரியாகச் சொல்லிவிடுவாள். பாவம், மனுஷன் சந்தோஷப்படட்டுமே என்றுதான். நேற்று அவன் காப்பி டப்பாவைத் திறந்து மூடிவிட்டு வெறும் தண்ணீரை நீட்டினான். "ஆகா, காப்பி!" என்று கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

இன்று சத்தமே இல்லாமல் ஒரு கிண்ணம் வந்தது. அவள் மூச்சை இழுத்தாள். மூக்கின் ஆழத்தில் ஏதோ சுருக்கென்றது.

"வெங்காயம்! நறுக்கி வச்ச பழைய வெங்காயம். கூடவே மீனு."

"சமையல் சோடாம்மா இது," என்றான் சுரத்தில்லாமல். "இதுக்கு ஏது வாசனை? என்கிட்டயே எதுக்கு நடிக்கிற?"

கண்கட்டை அவிழ்த்தாள். வெள்ளை வெளேரென்று தூள்.

"சத்தியமா வந்துச்சுங்க..." என்றவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எல்லாம் ஆசை செய்த வேலையோ? கண்ணில் நீர் முட்டியது.

பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அவள் தங்கை எட்டிப் பார்த்தாள்.

"அத்தான், அதை எங்கேருந்து எடுத்தீங்க?"

"ஃபிரிட்ஜ்லேருந்துதான். ஏன்?"

"அய்யோ, அது உள்ள அடிக்கிற நாத்தத்தை இழுக்கட்டும்னு நான் திறந்து வச்சது! ரெண்டு மாசத்து வெங்காயமும் மீனும் அதுலதான் இருக்கு!"

அவன் கிண்ணத்துக்குள் மூக்கை விட்டான். முகம் கோணிக்கொண்டு போனது. "ஆமாம்மா! நாறுது! நல்லா நாறுது!" என்று குதித்தான்.

அவள் கிண்ணத்தைப் பிடுங்கி மறுபடி மறுபடி முகர்ந்தாள். ஊசிப்போன வெங்காயத்துக்காக இப்படி ஆனந்தப்பட்டவர் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அவன் அவளை இழுத்து அணைத்துக்கொண்டான். அவள் அவன் தோளில் முகம் புதைத்தாள்.

"என்னம்மா, அழறியா?"

"இல்லங்க," என்றாள், முகத்தை எடுக்காமலே. "இந்தச் சட்டையத் துவைச்சு எத்தனை நாளாச்சு?"